இரண்டாவது கியர்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். நீயும் மாமாவும் நலந்தானே? மாமாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? போனில் விஷயத்தை ஆரம்பித்ததும் "எழுத்துல குடு" என்று வைத்துவிட்டாய். உன் ஆபீஸ் புத்தி கூடப்பிறந்தவனிடமுமா? சரி, எழுதியே தருகிறேன்.

கார் போய்விட்டது. வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை, நெடுஞ்சாலையில் எண்பதில் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு சத்தம். பிஸ்டனைத் தாங்கும் தண்டு, கனெக்டிங் ராட், உடைந்து எஞ்சின் பிளாக்கையே துளைத்து வெளியே வந்துவிட்டது. கையை உள்ளே விடலாம், அவ்வளவு பெரிய ஓட்டை. அந்தக் கனெக்டிங் ராடை எடுத்து என் மேஜைமேல் வைத்திருக்கிறேன். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

ஷோரூமில் வாரண்டி கேட்டால் "மேலிடத்துக்கு எழுதணும் சார்" என்று இழுக்கிறார்கள். ஜனவரியில் அங்கேதான் சர்வீஸ் விட்டேன். எண்ணெய் மாற்றியவன் ஒரு சோடாபுட்டி. ஒரு முழம் தள்ளி நிற்பவனே அவனுக்குத் தெரியாது. எண்ணெயை அளந்து ஊற்றியிருப்பானா? அவன்தான் கெடுத்திருக்கிறான்.

நீயும் வேறொரு கார் கம்பெனியின் வாரண்டிப் பிரிவில் இருக்கிறாய். எந்த வார்த்தை போட்டு எழுதினால் கம்பெனிக்காரன் மறுக்க முடியாது என்று உனக்குத் தெரியும். உடனே ஒரு கடிதம் எழுதி அனுப்பு. நான் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தம்பி

*

மார்ச் 9

தம்பிக்கு,

நாங்கள் நலம். மாமாவுக்கு வலி வலது தோளில், முழங்காலில் இல்லை. விசாரித்ததற்கு நன்றி.

இந்த நாற்காலியில் உட்கார்ந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. இதுவரை வேகமாக ஓட்டி எஞ்சினை உடைத்த ஒரு மனிதரைக்கூட நான் சந்தித்ததில்லை. எல்லாரும் எண்பதில்தான் போனார்கள். எல்லாருக்கும் திடீரென்றுதான் சத்தம் கேட்டது. எண்பது என்ற எண்ணில் உங்களுக்கெல்லாம் அப்படி என்ன ஆசையோ. ஒருவனாவது எழுபத்தேழு என்று எழுதியிருந்தால் நம்பித் தொலைத்திருப்பேன்.

கடிதம் எழுதித் தருகிறேன். அதற்கு முன் பதில் சொல். எந்தக் கியரில் இருந்தாய்? எந்த வழியாகப் போனாய், எந்த இடத்தில் நின்றது? யார் இழுத்து வந்தார்கள், ரசீது எங்கே? கார் கம்ப்யூட்டரில் பதிவானதைக் கேட்டு வாங்கினாயா?

கடைசியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை என்கிறாய். ஞாயிற்றுக்கிழமை உன் மனைவியை விட்டுவிட்டு நீ எங்கும் போகமாட்டாயே. அவள் கூட இருந்தாளா? எப்படி இருக்கிறாள்? மாதம் ஒரு கடிதமாவது எழுதுகிறவள். ஜனவரிக்குப் பிறகு ஒரு வரி இல்லை. போன் எடுப்பதில்லை. எழுதச் சொல்.

அக்கா

*

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். மாமாவின் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம்.

கம்ப்யூட்டர் பதிவைக் கேட்டாய், வாங்கிவிட்டேன். அதில் ஏதோ 9,640 என்று ஒரு எண் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மேலிடம் குதிக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 7,200 தடவைக்கு மேல் சுற்றாதபடி லிமிட்டர் இருக்கும்போது 9,640 எப்படி வரும்? அவர்கள் மெஷினே தப்பு. அல்லது எண்ணெய் இல்லாமல் எஞ்சின் தானாக எகிறியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீ எப்படியும் துருவுவாய். நெடுஞ்சாலை என்று எழுதினேன் அல்லவா, அந்த நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு ரேஸ் ட்ராக் இருக்கிறது. அன்றைக்கு அங்கே கார் வைத்திருப்பவர்களுக்கான பயிற்சி நாள். ஏற்பாடு செய்ததே ஷோரூம் மேலாளர்தான். "வாங்க சார், உங்க காரோட உண்மையான முகத்தைப் பாருங்க" என்று அவரே கூப்பிட்டார். ரேஸ் இல்லை, பயிற்சி. விளம்பரத்தில் என்ன காட்டுகிறார்கள்? கார் ட்ராக்கில் சீறிக்கொண்டு போகிறது. அதைப் பார்த்துத்தானே வாங்கினேன்? காய்கறி வாங்கப் போகவா இந்தக் காரை வாங்குவார்கள்?

மேலாளர் நல்ல மனிதர். ட்ராக் என்று காகிதத்தில் வரவேண்டாம், எண்ணெய் மாற்றியதில் தவறு என்று எழுதினால் தானும் ஒத்துழைப்பதாகச் சொல்கிறார். நீ எழுத வேண்டியது அவ்வளவுதான்.

அன்புடன்,
தம்பி

*

மார்ச் 22

தம்பிக்கு,

நலம். ஒத்தடத்தை மாமா ஏற்றுக்கொண்டார்.

9,640க்கு அர்த்தம் சொல்கிறேன். எங்கள் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது இது. நீ எட்டு மாதம் ஓட்டிவிட்டாய், ஆகவே மெதுவாகவே சொல்கிறேன். ஆக்சிலரேட்டரை மிதித்து எஞ்சினை ஓட்டினால் லிமிட்டர் பெட்ரோலை நிறுத்திக் காப்பாற்றும். சக்கரம் எஞ்சினைச் சுழற்றினால் லிமிட்டர் பாவம் என்ன செய்யும்? ஐந்தாவது கியரில் அசுர வேகத்தில் வந்து, வளைவுக்கு முன்னால் நான்காவதுக்கு மாற்றப் போய், கை கோணலாக இழுத்து இரண்டாவதில் போட்டுக் கிளட்சை விட்டால் இந்த எண் வரும். வேறு எப்படியும் வராது. எண்ணெய் இல்லாத எஞ்சின் இறுகும், எகிறாது. சோடாபுட்டி கண்ணாடி போட்டவருக்கு இது தெரியும். உனக்குத் தெரியவில்லை.

உன் கம்பெனியும் யோக்கியமில்லை. ட்ராக்கைக் காட்டி விற்பார்கள், ட்ராக்கில் ஓட்டினால் வாரண்டி இல்லை என்று அறுபத்திரண்டாம் பக்கத்தில் எறும்பு எழுத்தில் போடுவார்கள். உன் மேலாளர் அழைத்துப்போய் உடைக்க வைத்துவிட்டு, அழைத்ததை மறைக்க ஆள் தேடுகிறார். அவர் நல்லவராகத்தான் இருப்பார், அவர் வீட்டில்.

உனக்கு நேர்மையான வழக்கு ஒன்று உண்டு. "நீங்கள்தான் கூப்பிட்டீர்கள், நீங்கள்தான் விளம்பரம் செய்தீர்கள், ட்ராக்கில் கியரைத் தவறாகப் போட்டேன், பாதிப் பொறுப்பு உங்களுடையது" என்று எழுது. அதை நானே உட்கார்ந்து அழகாக எழுதித் தருகிறேன். எண்ணெய் மாற்றியவரை அதில் இழுக்காதே. அவர் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர், உன்னைப்போலப் பயிற்சி நாளுக்குப் போகிறவர் இல்லை.

அவள் கூட இருந்தாளா என்று கேட்டிருந்தேன். ரசீது கேட்டேன், அனுப்பினாய். பதிவு கேட்டேன், வாங்கினாய். இதற்கு மட்டும் பதில் இல்லை.

அக்கா

*

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உனக்கும் மாமாவுக்கும் என் அன்பு.

உன் கடிதம் இல்லாமலே வேலை முடிகிற மாதிரி இருக்கிறது. மேலாளரும் நானும் சேர்ந்து எழுதினோம். சோடாபுட்டியை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். உள்விசாரணை வைக்கப்போகிறார்கள். அவன் தப்பு என்று முடிவானால் ஷோரூமே புது எஞ்சின் போட்டுத்தரும். ஷோரூமுக்கு அவன் வந்து நின்று, "சார், நான் ஊத்தினது சரியான அளவு சார், ஸ்டிக் எடுத்து உங்ககிட்டயே காட்டினேனே சார்" என்கிறான். எனக்கென்ன ஞாபகமா இருக்கும்? அன்றைக்கு நான் போனில் இருந்தேன். இந்த ஆட்களே இப்படித்தான், வேலையில் கவனம் இருக்காது, பிறகு வந்து கண்ணைக் கசக்குவார்கள்.

நீ வண்டியைப் பற்றிப் பாடம் எடுத்ததற்கு நன்றி. ட்ராக்கில் ஒரு முறையாவது உட்கார்ந்திருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லமாட்டாய்.

அவள் நன்றாக இருக்கிறாள். அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

தம்பி

*

ஏப்ரல் 10

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். நாங்கள் நலம். நீ நலம் என்று உன் வீட்டுக்காரன் ஒரே வரியில் எழுதியிருக்கிறான். அவன் எழுதியதாலேயே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

எதுவும் சொல்ல வேண்டாம் என்று தோன்றினால் சொல்லாதே. "வந்து சேர்ந்தது" என்று ஒரு வார்த்தை மட்டும் போட்டு அனுப்பு. உன் எழுத்தைப் பார்த்தால் போதும்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணி

*

மே 2

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மா நலம்.

தாமதத்துக்கு மன்னியுங்கள். என் எழுத்தைப் பார்த்தால் போதும் என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் தாமதம். இது இடது கையால் எழுதுவது. மூன்று வாரம் ஏட்டில் கோடு போட்டுப் பழகினேன். முதல் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் இருந்தால் சிரிக்காதீர்கள். ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் ஓடுகிறது.

அன்றைக்கு நானும் காரில் இருந்தேன். வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். "மத்தவங்க பொண்டாட்டி எல்லாம் வர்றாங்க, நீ மட்டும் என்ன?" என்றார். என் போனைக் கையில் கொடுத்து, "ஸ்பீடாமீட்டர் தெரியற மாதிரி வீடியோ எடு, ஆடக்கூடாது" என்றார். வலது கையில் போனைத் தூக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். மூன்று சுற்று நன்றாகத்தான் போனது. நான்காவது சுற்றில் எனக்குக் குமட்டியது. "போதுங்க, நிறுத்துங்க" என்றேன். அவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கியரை இழுத்தார்.

சத்தம் எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பின்சக்கரம் இறுகி, கார் இரண்டு முறை சுற்றி ஜல்லியில் போய் நின்றது. என் கை முன்பலகையில் அடித்தது. மணிக்கட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவர் இறங்கினார். என் பக்கம் வருகிறார் என்று நினைத்தேன். முன்னால் போய் பானெட்டைத் திறந்தார். "ஐயோ, என் வண்டி, என் வண்டி" என்று தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். என் கதவைத் திறந்தது கொடி காட்டுகிற ஆள்.

ஆஸ்பத்திரியில் குளியலறையில் வழுக்கியதாக எழுதச் சொன்னார். ட்ராக் என்று எங்கேயும் பதிவாகக்கூடாதாம், வாரண்டி போய்விடுமாம். தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். மூன்றாம் நாள் இங்கே கொண்டுவந்து விட்டார். அம்மாவிடமும் குளியலறைதான். அம்மா பாவம், எங்கள் வீட்டுக் குளியலறையைக் கழுவுகிறவளைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

"வீடியோவ அழிச்சிட்டியா?" என்று போனில் கேட்டார். அழித்துவிட்டேன் என்றேன். அழிக்கவில்லை அண்ணி. ஏன் என்று தெரியவில்லை.

கை பரவாயில்லை. கவலைப்பட வேண்டாம்.

சின்னவள்

*

மே 8

தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் நலத்தை இந்தத் தடவை விசாரிக்கவில்லை.

உன் மூன்று கடிதங்களையும் எடுத்துப் படித்துப் பார்த்தேன். கனெக்டிங் ராடின் நிலைமை தெரிகிறது. பிளாக்கில் விழுந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்றும் தெரிகிறது. உடைந்த இரும்பை மேஜைமேல் வைத்து நீ துக்கம் காத்ததும் தெரிகிறது. பக்கத்து ஸீட்டில் கை உடைந்து உட்கார்ந்திருந்தவளைப் பற்றி நீ எழுதியது ஒரே வரி. நன்றாக இருக்கிறாளாம்.

நான் பொய்யர்களைப் படித்துச் சம்பளம் வாங்குகிறவள். அவர்களில் பலபேர்மேல் எனக்குப் பரிதாபம் உண்டு. வண்டியை வைத்துப் பிழைக்கிறவன், எஞ்சின் போனால் வீடே நின்றுவிடுமே என்று பயந்து பொய் சொல்வான். உனக்கு அப்படி என்ன பயம்? ஞாயிற்றுக்கிழமை விளையாட்டில் தோற்றவன் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்பதுதானே? அதற்கு ஒருவர் வேலை, ஒருத்தி கை. மட்டமான ஆள் நீ. கூடப்பிறந்தவளாக இருந்து இதை எழுதுவது எனக்கு வெட்கமாக இருக்கிறது, எழுதாமல் இருப்பது அதைவிட வெட்கம்.

அவளை நாளை மறுநாள் போய் என் வீட்டுக்கு அழைத்து வரப்போகிறேன். இங்கே கைக்குப் பயிற்சி கொடுக்கிற நல்ல மருத்துவர் இருக்கிறார். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன்.

புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள். மெக்கானிக்மேல் தவறில்லை என்று உன் கையால் எழுதிக்கொடு. இந்த மாதக் கடைசிவரை பார்ப்பேன்.

அக்கா

*

மே 20

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என் குடும்ப விஷயத்தில் நீ மூக்கை நுழைக்க வேண்டாம். பத்தொன்பது வருடம் மற்றவன் காரைப் பற்றிக் கையெழுத்துப் போட்டே பொழுதைக் கழித்தவள் நீ. சொந்தமாக ஒரு நல்ல கார் ஓட்டத் துப்பில்லை. மாமா இன்னும் அந்த டப்பாவைத் தள்ளித்தானே ஸ்டார்ட் செய்கிறார்? பொறாமை கண்ணை மறைக்கிறது.

அவள் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லியிருப்பாள். கையில் சின்ன விரிசல், அவ்வளவுதான். எலும்பு தானாகச் சேரும். எஞ்சின் சேருமா?

தம்பி

*

ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நீ, மாமா, அவள், எல்லாரும் நலந்தானே? அவள் எப்படி இருக்கிறாள்? சரியாகச் சாப்பிடுகிறாளா? உன் வீட்டில் இருப்பது எனக்கு நிம்மதி. போன தடவை கோபத்தில் ஏதோ எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. மாமாவின் கார் நல்ல கார்.

மேலிடம் வாரண்டியை மறுத்துவிட்டது. அந்தப் பாழாய்ப்போன 9,640. சோடாபுட்டியின் விசாரணை ஜூலை 3ஆம் தேதி. மேலாளர் அவனை விடுவதாக இல்லை. யார்மேலாவது எழுதி முடித்தால்தான் பயிற்சி நாள் பேச்சு வெளியே வராது என்கிறார். அது அவர்கள் பாடு.

எனக்கு மேலாளர் வேறு வழி சொன்னார். இன்ஷூரன்ஸ். சாலையில் கல் அடித்து எண்ணெய்த் தொட்டி உடைந்தது, ஓட்டியவருக்குத் தெரியாமல் எண்ணெய் ஒழுகிவிட்டது என்று போட்டால் கிடைக்குமாம். நான் ஓட்டினேன், எண்ணெய் மாற்றியதில் தவறு என்று வாரண்டிக்கு எழுதியாகிவிட்டது, இப்போது கல் என்று நானே மாற்றிச் சொல்ல முடியாது. அதனால் அவள் தனியாக ஓட்டிப் போனாள், நான் கேள்விப்பட்டதை வைத்து எழுதினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பெண்பிள்ளை ஓட்டினாள் என்றால் ஆய்வாளர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்களாம், கேள்வியே கேட்பதில்லையாம். அவளிடம் லைசன்ஸும் இருக்கிறது.

படிவம் இணைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் "ஓட்டியவர்" என்ற இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டால் போதும். பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டியிருக்கிறேன். சீக்கிரம் அனுப்பு.

அன்புடன்,
தம்பி

*

ஜூலை 6

வணக்கம்.

நீங்கள் அண்ணிக்கு எழுதியதை அண்ணி என்னிடம் கொடுத்து, "இது உனக்கு வந்தது, நீயே பதில் போடு" என்றார். இங்கே எல்லாரும் நலம். நான் எப்படி இருக்கிறேன் என்று பிப்ரவரிக்குப் பிறகு இப்போதுதான் கேட்டிருக்கிறீர்கள். அதே உறையில் படிவமும் இருந்தது.

படிவத்தை அப்படியே திருப்பி அனுப்புகிறேன். அந்தக் காரின் ஸ்டியரிங்கை நான் தொட்டதில்லை. வளையல் கீறிவிடும் என்று துடைக்கக்கூட விட்டதில்லை நீங்கள். இன்னொன்று, உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு உடைந்தது வலது கை. நீங்கள் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடுகிற கை அது. பேனா பிடிக்க இன்னும் மூன்று மாதமாவது ஆகும் என்கிறார் மருத்துவர். இந்தக் கடிதம் இடது கையால் எழுதியது.

ஜூலை 3ஆம் தேதி விசாரணைக்குப் போயிருந்தேன். மே முடிந்ததும் அண்ணி தானே மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார், விசாரணையில் நானே சொல்கிறேன் என்றேன். கூட வருகிறேன் என்றார், அதற்கும் வேண்டாம் என்றேன். பேருந்தில் தனியாகத்தான் போனேன். உங்கள் மேலாளர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "மேடம், நீங்க எதுக்கு இங்க? இது எங்க ஆபீஸ் விஷயம்" என்றார். நானும் அந்தக் காரில் இருந்தேன் என்று சொல்லி, போனை மேஜைமேல் வைத்து வீடியோவை ஓட்டினேன். அழிக்கச் சொன்னீர்கள், அழிக்கவில்லை. மேலிடத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். கொடியும் பதாகையும் ஷோரூம் பெயரும் தெளிவாகத் தெரிந்தன. நீங்கள் திரும்பிச் சிரித்தது தெரிந்தது. பிறகு போன் கீழே விழுந்ததால் படம் இல்லை, சத்தம் மட்டும்தான். நீங்கள் "என் வண்டி, என் வண்டி" என்பது நிறைய நேரம் கேட்டது. மேலாளர் "போதும், நிறுத்துங்க" என்றார். மேலிடத்துக்காரர்கள் நிறுத்த விடவில்லை, முழுதும் கேட்டார்கள்.

நடந்ததை வரி வரியாக எழுதி இடது கையாலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த நாளே மெக்கானிக்கை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்களாம். மேலாளர் இப்போது விடுப்பில் இருக்கிறார் என்று அண்ணி விசாரித்துச் சொன்னார். கம்பெனிக்காரர்கள் உங்களுக்கும் தனியாக எழுதுவார்கள்.

நீங்கள் சோடாபுட்டி என்று எழுதுகிறவர் விசாரணை முழுக்க ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்று மாதம் வேலை இல்லாமல் இருந்த மனிதர். வீடியோ முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அவர் மட்டும் எழுந்து வந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் கையைப் பார்த்தார்.

"கை இப்ப எப்படிம்மா இருக்கு?"

அம்மாவிடம், அண்ணியிடம், மருத்துவரிடம், கேட்டவர்கள் எல்லாரிடமும் இத்தனை நாள் பரவாயில்லை என்றுதான் சொல்லி வந்தேன். அவரிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"வலிக்குதுங்க" என்றேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
பக்கத்து ஸீட்டில் இருந்தவள்